எங்களுக்குத் தெரியாததை வலைப்பதிவில் எழுதினோம்

இன்றைய பேச்சுக்காக உங்களில் ஒருவர் எனக்கு முன்கூட்டியே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "கணினித் திருட்டைத் தடுக்கும் நிறுவனம், தனக்குத் தெரிந்ததை ஊர் பார்க்க ஏன் எழுதிவைக்க வேண்டும்? போட்டிக்காரன் படிப்பான். திருடனும் படிப்பான். நமக்கு என்ன மிச்சம்?"

கேட்டவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் கேள்வி எனக்குப் பிடித்தது. எங்கள் நிறுவனத் தலைவர் இதே கேள்வியை என் மேசையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறார். பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் கணினி படித்தவள் இல்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலில் கல்கத்தா வந்த குடும்பம் லேக் கார்டன்ஸிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் பம்பு, எடை பார்க்கும் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் கையேடு எழுதிக்கொண்டிருந்த என்னை, கணினி நிறுவனங்கள் நிறைந்த செக்டர் ஃபைவில் ஒரே ஒரு தளத்தில் இயங்கிய சிறிய கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வலைப்பதிவு எழுதுவதற்காகச் சேர்த்துக்கொண்டது. வசந்தா என்ற என் பெயரில் உள்ள 'வ' வங்காளிகளின் வாயில் நிற்காது. அலுவலகத்தில் நான் 'பசந்தா தி', அதாவது வசந்தா அக்கா. தலைவரை எல்லோரும் 'தாதா' என்பார்கள், அண்ணன் என்ற பொருளில். மதுரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பொறியாளர் கார்த்திக், முதல் வாரம் முழுவதும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் வலைப்பதிவில் அப்போது என்ன இருந்தது? கடவுச்சொல்லை மாற்றுங்கள், சந்தேகமான மின்னஞ்சலைத் திறக்காதீர்கள், அனைவருக்கும் பூஜை வாழ்த்துகள். ஒருமுறை ஒரே பத்தி தவறுதலாக இரண்டு தடவை பதிவாகிவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது, யாரும் சொல்லவில்லை. யாரும் படிக்கவில்லை என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

துர்கா பூஜைக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பவானிபூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. காலையில் கணினியைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை, திரையில் பணம் கேட்டு ஒரு செய்தி நிற்கிறது என்றார்கள். தகவல்களைப் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை பேசும் திருட்டு. உங்களுக்கு இது புதிதில்லை.

கார்த்திக் கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு மேடம்?"

"இத்தனை நாளா இதைப் பத்தி எழுதறேன். பூட்டின கம்ப்யூட்டரை ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்ல."

பூஜைப் பந்தலுக்காக நட்ட மூங்கில்கள் குறுகலான தெருவை அடைத்திருந்தன. ஆட்டோ உள்ளே போகாது என்றதால் நடந்தே போனோம். இரண்டு அறைகள், ஒரு குளிர்பதனப் பெட்டி, வாசலில் சில தாய்மார்கள். ரத்த வங்கியின் செயலாளர் மஞ்சுஸ்ரீ எழுந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, எல்லோருக்கும் மஞ்சு தி. பேச்செல்லாம் வங்காளமும் இந்தியும் கலந்துதான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

திரையில் நின்ற வரி ஆங்கிலத்தில் இருந்தது, இலக்கணப் பிழையோடு. தமிழில் சொன்னால், 'உங்கள் கோப்புகள் தூங்குகிறது. எழுப்ப எங்களைக் கேள்.' ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் சில குறிகள் வால் போல ஒட்டியிருந்தன.

"நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கார்த்திக் கேட்டான்.

மஞ்சு தி மேசை ஓரமாக இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். அதை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருந்தார்கள். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் இருந்த பெண்களில் ஒருவரை மஞ்சு தி உள்ளே அழைத்தார். அவருடைய மகள் தியாவுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். பலருடைய ரத்தத்தை ஏற்றி ஏற்றி, இப்போது அந்தக் குழந்தையின் உடம்பு பெரும்பாலான ரத்தத்தை ஏற்பதில்லை. குரூப் சேர்ந்தால் மட்டும் போதாது, இன்னும் நுணுக்கமான பொருத்தங்கள் வேண்டும். தேடித் தேடிக் கண்டுபிடித்த சில கொடையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தக் கணினியில்தான் இருந்தன. துர்கா அஷ்டமிக்கு முன்னால் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு யாராவது ஞாபகம் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் பேரு சுப்ரதோ. கல்கத்தாவுல எத்தனை சுப்ரதோ இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தியாவின் அம்மா கார்த்திக்கின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு சின்ன விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழுதுகிறவளின் ஆர்வம், வேறொன்றுமில்லை. "இந்த வரியைப் பார்த்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க, மஞ்சு தி?"

"போன்ல அந்த வரியை அப்படியே அடிச்சுத் தேடினேன்."

"என்ன வந்துச்சு?"

"மெத்தை விளம்பரம்."

கார்த்திக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. மஞ்சு தியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "கீழே உங்க கம்பெனி பக்கமும் வந்துச்சு. அதைப் பார்த்துத்தான் போன் பண்ணினேன். வரிசையா அறிவுரை இருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாமே நேத்தே செஞ்சிருக்க வேண்டியது," என்றார்.

அதில் குத்தல் இல்லை. இருந்ததைச் சொன்னார். திரும்பி வரும்போது மெட்ரோவில் அந்த வாக்கியமே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நடப்பதற்கு முன்னால் படிப்பவருக்காக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். நடந்தபின் தேடுகிறவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் முழுவதும் கார்த்திக் அந்த வன்தட்டின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலையில் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பூட்டிய நிரல் வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொண்டுவிட்டது. ஆனால் பூட்டின் எண்ணை அது கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம். பூட்டத் தொடங்கிய நேரம் தெரிந்தால் பாதி எண் கிடைத்துவிடும்.

"மீதிப் பாதி?"

"கடிகாரத்தோட வேற ஏதோ ஒண்ணைக் கலக்குறான்க்கா. அது என்னன்னுதான் தெரியல." எப்போது நான் மேடத்திலிருந்து அக்காவானேன் என்று இருவருமே கவனிக்கவில்லை.

"யாருக்குத் தெரியும்?"

"செஞ்சவனுக்கு."

"வேற யாருக்காவது?"

அவன் யோசித்தான். "இதே மாதிரி வேற எங்கயாச்சும் நடந்து, அந்தப் புரோகிராம் அழியறதுக்கு முன்னாடி யாராச்சும் பிடிச்சு வெச்சிருந்தா, அவங்களுக்குத் தெரியும்."

"அப்படி இருந்தா எங்கேயாவது எழுதியிருப்பாங்களே?"

"எழுத மாட்டாங்கக்கா. நாமளும் எழுதறதில்லையே."

நான் எழுந்து நேராகத் தலைவரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டியதாக ஞாபகம் இல்லை.

தாதா முட்டாள் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தடுக்கிறவரெல்லாம் விவரம் இல்லாதவர் என்று இளமையில் தோன்றும். நமக்குத் தெரியாததை வலைப்பதிவிலேயே எழுதி உதவி கேட்கலாம் என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என் மேசைக்கே வந்து, கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"பசந்தா தி, நம்ம கம்பெனிக்கு ஒண்ணு தெரியலன்னு நம்ம கம்பெனி பக்கத்துலயே போடச் சொல்றீங்க. நாளைக்கு ஒரு வங்கி நம்மகிட்ட வேலை தரணும்னு வந்து அதைப் படிச்சா? சரி, அதை விடுங்க. எதிர்க் கட்டடத்துக்காரன் படிப்பான். அதையும் விடுங்க. பூட்டினவனே படிப்பான். நாம எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு அவனுக்கு நாமளே சொல்லிக்கொடுக்கணுமா?"

"தாதா, இப்ப யாராவது இதைத் தேடினா மெத்தைதான் வருது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தைக்கு எப்போ ரத்தம் ஏத்தணும்?" என்று கேட்டார். சொன்னேன். "கடிகாரம்ங்கற வார்த்தை எங்கேயும் வரக்கூடாது. அந்த அம்மா சம்மதிக்காம ஒரு எழுத்தும் போகக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மஞ்சு தி உடனே சம்மதிக்கவில்லை. எங்களை நம்பி மக்கள் எண் கொடுத்திருக்கிறார்கள், இது வெளியே தெரிந்தால் அடுத்த முகாமுக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். தகவல் வெளியே நகலெடுக்கப்பட்டதற்குத் தடயம் இல்லை என்று கார்த்திக் விளக்கினான். மஞ்சு தி தியாவின் அம்மாவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. கடைசியில், "ரத்த வங்கின்னு எழுதாதீங்க. கல்கத்தாவுல அதுவே போதும், கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு சின்ன அறக்கட்டளைன்னு போடுங்க," என்றார்.

அந்தப் பதிவுதான் என் வாழ்க்கையில் எழுதியதிலேயே சிறியது. தலைப்பு, திரையில் இருந்த அதே வரி, அதே பிழையோடு. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் அதைத் திருத்தியே தீருவேன் என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். பாதிக்கப்பட்டவர் எதைப் பார்த்தாரோ அதைத்தான் தேடுபொறியில் அடிப்பார். இலக்கணத்தைத் திருத்தி அடிக்க மாட்டார். பிறகு, கோப்புகளின் வாலில் இருக்கும் குறிகள். அவற்றில் கடைசிக் குறியை மட்டும் விட்டுவிடச் சொன்னான் கார்த்திக். உண்மையிலேயே பார்த்தவர் யார், சும்மா பேசுகிறவர் யார் என்று பிரிக்க அது உதவும் என்றான். பிறகு, கணினியைத் துடைத்து மீண்டும் நிறுவாதீர்கள் என்று ஒரு வரி. கடைசியில் கேள்வி. 'இதைச் செய்யும் நிரலை யாராவது அழிவதற்கு முன் பிடித்து வைத்திருக்கிறீர்களா? எங்களிடம் இல்லை. எங்களுக்கு அது தேவை.'

தாதா படித்தார். 'எங்களிடம் இல்லை' என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. பிறகு வெளியிடச் சொன்னார்.

முதலில் வந்த மறுமொழி, நம்ப மாட்டீர்கள், மெத்தை விளம்பரம். அடுத்தது, 'பொதுமக்களிடம் உதவி கேட்கும் பாதுகாப்பு நிறுவனம், அருமை' என்று ஒரு கிண்டல். அதைத் தாதா எனக்கு அனுப்பிவைத்தார், ஒரு சொல்லும் சேர்க்காமல். அன்று மதியச் சாப்பாட்டை நான் தனியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முற்பகல் ஒன்று வந்தது. பெயர் இல்லை. 'வாலின் கடைசியில் ஆச்சரியக்குறி இருக்கிறதா? இங்கே பதில் சொல்ல வேண்டாம்.' கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி.

நாங்கள் வெளியிடாமல் விட்டது அந்த ஆச்சரியக்குறியைத்தான். கார்த்திக் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் அது சுவரில் போய் மோதியது.

எழுதினோம். எங்கே இருக்கிறீர்கள், பேச முடியுமா என்று. எந்த நாட்டிலிருந்து பதில் வருமோ என்று எனக்கு ஒரே பரபரப்பு. வந்த பதிலில் இருந்தது இவ்வளவுதான்: 'கீழே முரி விற்பவரிடம் வாருங்கள். நான் எதிர்க் கட்டடம்.'

முரி என்றால் நம் ஊர்ப் பொரிதான். இறங்கிப் போனோம். அரிந்தம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார், முப்பது வயது இருக்கும். எங்கள் போட்டி நிறுவனத்தில் பொறியாளர். கையில் முரிப் பொட்டலம் இருந்தது, ஆனால் சாப்பிடவில்லை. அடிக்கடி தங்கள் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"கோடைக்காலத்துல எங்க கஸ்டமர் ஒருத்தருக்கு இதே நடந்துச்சு. அந்த வரியை யாராவது எங்கேயாவது எழுதினா எனக்குத் தகவல் வர்ற மாதிரி அன்னைக்கே செஞ்சு வெச்சேன். இத்தனை மாசமா ஒண்ணும் வரல. நேத்து வந்துச்சு, பார்த்தா ரோட்டுக்கு இந்தப் பக்கம்!"

"புரோகிராம் இருக்கா?" என்று கார்த்திக் கேட்டான்.

"இருக்கு. எண்ணை எப்படிக் கலக்குறான்னும் தெரியும். ஆனா நாங்க போறதுக்குள்ள அவங்க எல்லா மெஷினையும் துடைச்சிட்டாங்க. சரிபார்க்க எங்ககிட்ட ஒரு பூட்டின ஃபைல்கூட இல்ல."

பூட்டு எங்களிடம் இருந்தது, பூட்டு செய்யும் கருவி அவர்களிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலையும் ஒரு முரி வண்டியும். கோடையிலேயே அவர்கள் நாலு வரி எழுதியிருந்தால், மஞ்சு தி தேடிய காலையில் மெத்தைக்குப் பதிலாக அது வந்திருக்கும். நாங்களும்தான் அதுவரை எத்தனை விஷயங்களை இப்படிக் கோப்பில் போட்டு மூடிவைத்திருந்தோம்!

"குடுங்க," என்றான் கார்த்திக்.

"குடுக்க முடியாது. கஸ்டமரோட ஒப்பந்தம் இருக்கு. நான் உங்களோட நிக்கறதே தெரியக்கூடாது. மேலிடத்துல பேசுங்க."

மேலிடம் என்றால், தாதா அந்த நிறுவனத்தின் தலைவரோடு பேச வேண்டும். ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள். பிரிந்தது நல்லபடியாக இல்லை. ஒருவர் போகும் கூட்டத்துக்கு இன்னொருவர் போகமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பாமலேயே தொலைபேசியை எடுத்தார். அதை நான் இன்றும் வியப்போடு நினைக்கிறேன்.

"நான்தான்," என்றார். பெயர் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார். அந்தக் குழந்தையைப் பற்றியும் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, எங்ககிட்ட இல்ல. அதைத்தான் பிளாக்ல போட்டிருக்கோம், நீ படிச்சியே," என்றார். மறுபடியும் கேட்டார். "சரி. முடிஞ்சதும் எழுதுவோம். உங்க பேரை முதல்ல போடறேன். உங்க கஸ்டமர் பேரு வராது."

வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். "அந்தப் பையனை இங்கேயே வரச் சொல்லியிருக்கான். டீ வாங்கிக் குடுங்க."

அரிந்தம் இப்போது ஜன்னலைப் பார்க்காமல் சாலையைக் கடந்து வந்தார். அவரும் கார்த்திக்கும் அருகருகே உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு வங்காளம் சரியாக வராது, ஒருவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம், இந்தி, விரல்கள், காகிதம் எல்லாம் பயன்பட்டன. தேநீர் குடித்த மண் குவளைகள் மேசையில் சேர்ந்துகொண்டே போயின. ஒருமுறை முயன்றார்கள், திறக்கவில்லை. கணினியின் கடிகாரமே சில நிமிடங்கள் தப்பாக ஓடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சரிசெய்து மறுபடி முயன்றார்கள்.

மஞ்சு தியை அழைத்திருந்தேன், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று திரையில் வங்காள எழுத்துகள் தெரிந்தன. எனக்கு அது வெறும் பட்டியல். மஞ்சு தி எழுந்து, திரைக்கு மிக அருகே போய், உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பெயர் பெயராக. நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. "சுப்ரதோ மைத்தி!" என்று கத்தினார். "மைத்தி! எனக்கு முகம் ஞாபகம் இருக்கு, இந்த மைத்திங்கற பேருதான் நினைவுக்கு வரவே இல்ல!"

அங்கிருந்தே அந்த எண்ணை அழைத்தார். ஜாதவ்பூரில் இருக்கிறாராம். "நாளைக்கு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். எதிர்முனையில் என்ன சொன்னாரோ, மஞ்சு தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தியாவுக்கு, அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்பே, சஷ்டி அன்று ரத்தம் ஏற்றினார்கள். புதுச் சட்டையோடு பந்தலில் எடுத்த படத்தை அவள் அம்மா அனுப்பியிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். ஆனால் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. இனி வலைப்பதிவில் என்ன எழுதுவது?

இரண்டு நிறுவனங்களும் ஒரே அறையில் கூடின. பூட்டை எப்படித் திறந்தோம் என்று முழுவதும் எழுத வேண்டும் என்றான் கார்த்திக். அவன் ஆசை நியாயமானது. உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்திருந்தான். "எழுதினா எத்தனை பேர் தாங்களே திறந்துக்குவாங்க! எல்லாரும் நம்மளத் தேடி வர முடியுமாக்கா?"

"எழுதின மறுநாள் அவன் கடிகாரத்தை விட்டுட்டு வேற முறைக்குப் போயிடுவான்," என்றார் அரிந்தம். "அதுக்கப்புறம் பூட்டு விழறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

இரண்டு பேரும் சொன்னது சரி. ஒருவர் தப்பாக இருந்தால் முடிவெடுப்பது எளிது. தாதா என்னைப் பார்த்தார். கணினி தெரியாத என்னிடம் ஏன் கேட்கிறார் என்று திகைத்தேன். "நீங்க யாருக்காக எழுதுவீங்க?" என்றார்.

"பூட்டப்பட்டு, அந்த வரியைத் தேடி வர்றவங்களுக்கு," என்றேன். "அவங்களுக்கு முறை தேவையில்ல. துடைக்காம இரு, எங்களுக்கு எழுது, திறக்க வழி இருக்கு, காசு வேண்டாம். இது போதும். நம்மளை மாதிரி கம்பெனி கேட்டா, யாருன்னு பார்த்துட்டு முறையைத் தனியாக் குடுக்கலாம்."

அப்படித்தான் எழுதினோம். போட்டி நிறுவனத்தின் பெயர் முதலில், எங்கள் பெயர் அடுத்து. கார்த்திக் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. மலைப்பகுதியில் ஒரு பரிசோதனைக்கூடம். ஒரு பள்ளிக்கூடம். திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடைக் கடைக்காரர் தமிழிலேயே எழுதினார், தமிழ் தெரிந்தவர் யாராவது அங்கே இருக்கிறீர்களா என்று. கார்த்திக்கே அவரோடு பேசி, கடைசிக் கோப்பு வரை திறந்துகொடுத்தான். போனை வைத்துவிட்டு, "அக்கா, அவருக்கு எப்படித் திறந்தேன்னு தெரியவே வேணாம். திறந்துச்சான்னு மட்டும்தான் கேட்டாரு," என்றான். அத்தோடு எங்கள் சண்டை தீர்ந்தது.

குளிர்காலம் முடியும் தருவாயில் பூட்டு மாறிவிட்டது. அதே வரி, அதே பிழை, வேறு பூட்டு. எங்கள் பதிவைப் படித்துத்தான் மாற்றினானா, தானாகவே மாற்றினானா? தெரியாது. இன்றும் எனக்கு அதை அறிய ஆசை. அறிய வழி இல்லை.

அந்தப் புதுப் பூட்டோடு எங்களிடம் முதலில் வந்தவர், ஜாதவ்பூரில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் நிமாய் பாபு. வன்தட்டை ஒரு துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணங்கள், அன்னப்பிராசனங்கள், ஒரு தெருவின் விசேஷங்கள் முழுவதும் அதற்குள் இருந்தன. எங்கள் பதிவைப் படித்துவிட்டு, துடைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். கார்த்திக் நாள் முழுவதும் பார்த்தான். பிறகு வெளியே வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, முடியவில்லை என்று சொன்னான்.

நிமாய் பாபு கோபப்படவில்லை. "மத்தவங்களோடது எப்படித் திறந்துச்சு?" என்று கேட்டார். கார்த்திக் என்னைப் பார்த்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது? கடிகாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவர் நடுநடுவே கேள்விகூடக் கேட்டார். முடிந்ததும் வன்தட்டைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"இதையும் எழுதுங்க. இப்ப முடியலன்னு," என்றார். "திறந்துடும் திறந்துடும்னு நம்பிக்கிட்டு, கல்யாணக்காரங்க போனையெல்லாம் எடுக்காம இருந்தேன். முடியாதுன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அவங்க வீட்டுல போய் நின்னிருப்பேன்."

எழுதினேன். பழைய பூட்டைத் திறந்த முறை முழுவதையும் கார்த்திக்கின் பெயரில் வெளியிட்டோம். மேலே, 'புதிய பூட்டை எங்களால் திறக்க முடியவில்லை' என்று தலைப்பு. தாதா ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பதிவின் கீழே ஒரு நீண்ட மறுமொழி. நிமாய் பாபு எழுதியிருந்தார், வங்காளத்தில், நிறுத்தக்குறிகளே இல்லாமல். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னது. அவர்களுடைய கைபேசிகளில் இருந்த படங்களைக் கேட்டு வாங்கியது. ஆல்பத்தில் ஒட்டிய படங்களை மறுபடி படமெடுத்தது. அச்சகத்துக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் ஒரு கல்யாணமே முழுசாகக் கிடைத்தது. எங்கெங்கே தேடலாம், முதலில் யாரிடம் போக வேண்டும், என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று தன்னைப் போல மாட்டிக்கொண்ட இன்னொருவருக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தார். யாரும் கேட்காமலேயே.

நான் அதை இரண்டு முறை படித்தேன். எங்கள் பதிவை மறுபடி படித்தேன். பிறகு அவரை அழைத்து அனுமதி கேட்டு, அந்த மறுமொழியைத் தூக்கிப் பதிவின் தொடக்கத்தில் வைத்தேன். நிறுத்தக்குறிகள் மட்டும் போட்டேன். ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசி வேலை அது. இப்போதும் அந்த வரியைத் தேடுகிறவருக்கு முதலில் வருவது நிமாய் பாபுதான். எங்கள் நிறுவனம் அவருக்குக் கீழே இருக்கிறது.